பாட்டனைப் பெற்றவர் பெயர்

போகியன்று மலாக்காவில் பாச்சாங்கிலிருந்து காஜா பெராங் பக்கம் போனால், பழைய தமிழ் வணிகர்களின் வழிவந்த செட்டிகள் வாழும் கம்போங் செட்டி வீடுகளில் பார்ச்சு படைத்துக்கொண்டிருப்பார்கள். மறைந்த பெரியவர்கள் உயிரோடிருந்தபோது எதையெல்லாம் ஆசையாகச் சாப்பிட்டார்களோ அதையெல்லாம் சமைத்து வாழையிலையில் பரிமாறி, சாம்பிராணி காட்டிக் கும்பிடுவார்கள். வருடத்தின் நடுவே, பழக்காலத்தில், பழங்களை வைத்து இன்னொரு பார்ச்சு உண்டு. இதையெல்லாம் செய்பவர்கள் வீட்டுக்குள் பேசுவது மலாய். பெண்கள் கெபாயா உடுத்துவார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் குறைவு.

அவர்களைப் பற்றி நாம் எப்படிப் பேசிவந்தோம் என்று நினைத்துப் பார்க்கவேண்டும். நாம் என்றால், தோட்டங்களிலிருந்து வந்து மலாக்கா நகரைச் சுற்றிக் குடியேறிய தமிழர்கள். பாச்சாங், செங், பாயா ரும்புட், பத்து பெரண்டாம் தாமான்களில் கடன் எடுத்து வீடு வாங்கிக் குடியிருப்பவர்கள். ‘தமிழே தெரியாத செட்டிகள்’ என்று அவர்களைக் கொஞ்சம் இரக்கத்தோடும் கொஞ்சம் இளப்பத்தோடும் பார்த்தோம். நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்குப் போகிறார்கள், நம் வீட்டுக்குத் தமிழ்ப் பத்திரிகை வருகிறது, அதுவே போதும் என்று இருந்துவிட்டோம். மொழியை விட்ட அந்த வீடுகளில் முன்னோருக்கு வருடம் தவறாமல் இலை விழுகிறது. மொழியைப் பிடித்துவைத்திருக்கும் நம் வீடுகளில் பாட்டனைப் பெற்றவர் பெயர் தெரியவில்லை. அவர் எந்த ஊர், எந்தத் தோட்டத்தில் முதலில் பேர் பதிந்தார், எந்த லயத்தில் குடியிருந்தார், எங்கே அடக்கம் செய்தார்கள் என்று பேரப்பிள்ளை கேட்டால் பேச்சை மாற்றுகிறோம். வெள்ளைக்காரனையும் அரசாங்கத்தையும் மட்டும் குற்றம் சொல்லி இதிலிருந்து நாம் தப்பிக்க முடியாது.

மலாக்காவில் தமிழரின் வரலாறு ரப்பரோடு தொடங்கியதன்று. 1511இல் போர்த்துகீசியர் இந்தத் துறைமுகத்தைப் பிடித்தபோது தமிழ் வணிகர்களின் தலைவராய் இருந்த நைனா சாத்துவின் பெயர் அவர்களுடைய ஏடுகளில் இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் செட்டி சமூகத்துக்குத் தலைவராய் இருந்தவர் தெய்வநாயகம் செட்டி. டச்சு ஆட்சி மனை தர, ஜாலான் துக்காங் எமாஸில் 1781இல் பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் எழுந்தது அவர் காலத்தில்தான். தமிழ்நாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போகிறோம். நாட்டிலேயே பழமையான இந்துக் கோயில் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தத் தெய்வநாயகம் யார், எந்தத் தெருவில் அவர் வீடு இருந்தது, அவர் வழிவந்தவர்கள் இப்போது எங்கே என்று நாம் ஒருநாளும் விசாரித்ததில்லை. கோயில் நமக்கு வேண்டும். அதை எழுப்பியவரின் குடும்பத்தைப் பற்றி அக்கறை வரவில்லை.

வணிகம் கைவிட்டுப்போனபின் செட்டிகள் நகரத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தார்கள். பயிர் செய்தார்கள், பிற்பாடு அலுவலக வேலைகளுக்குப் போனார்கள். காஜா பெராங் முத்துமாரியம்மன் கோயில் 1822ஐச் சேர்ந்தது. அந்தக் கம்பத்தின் பக்கத்திலேயே உயரமான அடுக்குமாடித் திட்டம் வந்தபோது அங்குள்ளவர்கள் எதிர்த்து நின்றார்கள். பாச்சாங்கில் இருந்த நாம் அதைச் செய்தியாகப் படித்தோம். நம்மோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுபோல் பக்கத்தைத் திருப்பினோம். நம் சங்கங்கள் எத்தனையோ தீர்மானங்கள் போட்டிருக்கின்றன. அவற்றில் கம்போங் செட்டிக்காகப் போட்டதைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

இனி நம் சொந்தக் கதை. 1896இல் தான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் பயிரிடத் தொடங்கிய இடம் அது. அதன்பின் புக்கிட் ஆசாகானில் பெரிய தோட்டம் போட்டார். சிங்கப்பூரில் மருத்துவமனைக்குப் பெயர் கொடுத்த தான் தோக் செங் அவருடைய தாத்தா, மலாக்காவில் பிறந்தவர். பேரனின் பெயரில் ஓர் ஆர்க்கிட் பூகூட உண்டு. அவருடைய குடும்பத்தைத் தேடுகிறவருக்கு மூன்று தலைமுறை ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடும். இதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை. அவர்கள் எழுதிவைத்தார்கள், பிள்ளைகள் பாதுகாத்தார்கள். பணமும் பட்டமும் அதற்கு உதவின என்பது உண்மை. ஆனால் அந்தத் தோட்டங்கள் பெருகியபோது பால்வெட்ட வந்து, காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் தப்பிப் பிழைத்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் நம் முன்னோடிகள். புக்கிட் லிந்தாங் பெயரில் இன்றும் ஒரு தமிழ்ப்பள்ளி நடக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைக்கு ரப்பரை நட்டவர் பெயரைச் சொல்லிக்கொடுக்கிறோம். வெட்டியவர் ஒருவரின் பெயரையாவது சொல்லிக்கொடுக்க நம்மிடம் இல்லை.

பெயர் இல்லாத மக்களா அவர்கள்? இந்தக் கேள்வியில்தான் நம் குற்றம் பெரிதாகிறது. கங்காணியோடு புறப்படும்போதே அவர்கள் எழுதப்பட்டார்கள். ஆளெடுக்கும் கங்காணிக்கு உரிமம் வேண்டும். அழைத்துப்போகிறவர்களைக் கிராம முன்சீப்பிடம் காட்டி ஒப்பம் வாங்கவேண்டும். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் மீண்டும் பெயர் கேட்டார்கள். கப்பலில் ஒருமுறை, இங்கே இறங்கித் தனிமை முகாமில் அடைபட்டபோது ஒருமுறை. 1907இல் குடியேற்ற நிதி ஏற்பட்டபின் பயணச் செலவுக்கும் கணக்கு வைத்தார்கள். ஒப்பந்தக்கூலி முறையை 1910இல் நிறுத்தினார்கள். இந்திய அரசு ஆளெடுப்பை 1938இல் தடுத்தது. அதுவரை வந்தவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு தாளில் பதிந்தவர்கள்தாம்.

தோட்டத்துக்கு வந்தபிறகோ தினமும் எழுதினார்கள். விடியுமுன் பெரட்டு. கிராணி செக்ரோலை விரித்துப் பெயர் கூப்பிடுவார். வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்கு ஒரு குறி, அரைநாளுக்கு ஒரு குறி. ஒருவர் பேர் பதிந்த நாளிலிருந்து வேலையை விட்ட நாள்வரை, ஒருநாள் விடாமல் அந்தப் புத்தகங்களில் இருந்தார். சம்பளத்துக்காக எழுதியதென்றாலும், அரசர்களுக்குக்கூட இப்படி நாள்வாரியாகக் கணக்கு வைத்திருப்பார்களா என்று தெரியவில்லை. யார் எந்த மாதம் படுத்தார், எந்தப் பெண் பிரசவத்துக்குப்பின் எப்போது நிரைக்குத் திரும்பினார் என்பதெல்லாம் அதில் படிக்கலாம்.

தோட்டம் விலைபோனபோது அந்தப் புத்தகங்கள் என்ன ஆயின? பழைய கணக்கு என்று கொளுத்தினார்கள். ஸ்டோர் மூலையில் கரையானுக்கு விட்டார்கள். சில லாரியில் ஏறிப் பழைய தாள் வியாபாரிக்குப் போயின. கொளுத்தியவர் நிர்வாகி என்று சொல்லலாம். ஆபீசில் உட்கார்ந்திருந்த கிராணிகளில் பலர் நம்மவர்கள். தோட்டத்துத் தொழிற்சங்கக் கிளைத் தலைவர் நம்மவர், கோயில் தலைவர் நம்மவர், பள்ளித் தலைமையாசிரியர் நம்மவர். ‘அந்தப் புத்தகத்தை எங்களிடம் கொடுங்கள்’ என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நட்டஈட்டுக்குப் போராடினோம், அது சரிதான். வீட்டுக்குப் போராடினோம், அதுவும் வேண்டியதுதான். செக்ரோலுக்கு ஒரு கடுதாசிகூடப் போடவில்லை.

தாள்களைக் காத்துவைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் 1862இல் ஒரு சட்டம் வந்தது. ஐந்து வருடம் குடியிருந்து, வீடு கட்டிப் பயிர் செய்தால் 160 ஏக்கர் நிலம் சொந்தம். அது செவ்விந்தியர்களிடமிருந்து பறித்த நிலம் என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நிலத்துக்கு உரிமை கேட்டவர், வீட்டின் அளவென்ன, கிணறு வெட்டினாரா, என்ன விதைத்தார் என்பதையெல்லாம் அக்கம்பக்கத்தார் சாட்சியோடு நிரூபிக்கவேண்டும். அந்தத் தாள்களை அங்கே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு கொள்ளுப்பேத்தி அவற்றை வாங்கிப் படித்து, தன் முன்னோர் கட்டிய குடிசைக்கு எத்தனை சன்னல் என்று தெரிந்துகொண்டு அந்த இடத்தில் போய் நிற்கமுடிகிறது.

நம்மவர் காட்டை அழித்தும் நிலம் தோட்டத்துக்கு, வீடு தோட்டத்துக்கு. வேலையை விட்டால் லயத்தையும் விடவேண்டும். அதனால் நம் பாட்டன் வீட்டுக்குப் பட்டா இல்லை, வரி ரசீது இல்லை. மனை நமதில்லை என்றாலும் அதில் வாழ்ந்த வாழ்க்கை நமதுதானே? பத்து வீடு நீளத்துக்கு ஒரே கூரை, முன்னால் ஒடுங்கிய திண்ணை, பின்னால் அடுப்படி, பொதுக்குழாய், பக்கத்தில் ஆயாக்கொட்டகை, கொஞ்சம் தள்ளி அத்தாப்புக் கூரையில் அம்மன் கோயில். எந்த லயத்துக்கு அடுத்து எது, எந்தத் தீம்பாரில், அதாவது எந்த ரப்பர்ப் பகுதியில், யார் மேற்பார்க்கும் தண்டல் என்பதை ஒரு தாளில் படம் போட்டுவைக்க அரைநாள் போதும். படம் போடத் தெரிந்த கைகள் நம்மிடம் இருந்தன. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது லயங்கள் இடிந்தன. செம்பனையையும் அழித்துத் தாமானும் தொழிற்பேட்டையும் வந்தபோது கிணற்று மேடுகூட மிஞ்சவில்லை. பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், ‘இங்கேதான் எங்கேயோ’ என்று கையைக் காட்டுகிறோம்.

நம் பெயர்முறையும் நம்மைக் காப்பாற்றவில்லை. செட்டி வீடுகளில் பிள்ளை, நாயக்கர், ராஜா, படையாச்சி என்று குடும்பப் பெயர் அப்பனிடமிருந்து மகனுக்கு வருகிறது. நகரத்தார் கல்யாணமானதும் தங்கள் ஒன்பது கோயில்களில் ஒன்றில் புள்ளியாகப் பதிந்துவிடுகிறார்கள். கடல் கடந்து கடை வைத்தாலும் அந்தக் கணக்கு ஊரில் நிற்கும். நமக்கோ அப்பா பெயர் மட்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் நூல் அறுகிறது. முனியாண்டியின் மகன் ராமசாமி, ராமசாமியின் மகன் சுப்பிரமணியம். சுப்பிரமணியத்தின் ஐ.சி.யில், அடையாளக் கார்டில், முனியாண்டி இல்லை. அதோடு, பிறப்புப் பத்திரம் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியதால் கூடப்பிறந்த இரண்டு பேருக்கு அப்பா பெயர் இரண்டு விதமாக இருக்கும். இப்படிப்பட்ட பெயர்முறை உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக எழுதிவைத்திருக்கவேண்டும். நாம் மற்றவர்களைவிடக் குறைவாக எழுதினோம்.

பெண்கள் பெயர் இன்னும் மோசம். பாட்டனையாவது பேர் சொல்லிக் குறிப்பிடுவோம். பாட்டியை ‘ஆயா’, ‘பெத்தாயி’, இன்னாருடைய அம்மா என்று சொல்லியே காலம் போய்விட்டது. ஆணுக்குச் சமமாக நிரை எடுத்து வெட்டி, பால்வாளி தூக்கி, வீட்டுக்கு வந்து சமைத்தவள். அவளுடைய பிறந்த ஊர் எது, அவளுக்கு அண்ணன் தம்பி இருந்தார்களா, கப்பலில் யாரோடு வந்தாள் என்று கேட்டவர் அபூர்வம். திதியில் அவளுக்குப் பெயர் சொல்லும் இடத்தில் வாய் நின்றுவிடுகிறது.

ஏன் கேட்காமல் இருந்தோம்? வறுமை என்று சொல்வது சுலபம். வறுமை நம் பாட்டனுக்கு இருந்தது, நமக்குக் கேட்க வாய் இருந்தது. உண்மைக் காரணம் இரண்டு. ஒன்று வெட்கம். கூலிக்கு வந்தோம் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல மனம் வரவில்லை. படித்து வேலைக்குப் போனவன் தோட்டத்துப் பேச்சை எடுக்கவிடமாட்டான். எடுத்தாலும், கங்காணி வீட்டு வம்சம் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசைப்பட்டோம். எல்லார் வீட்டுப் பாட்டனும் கங்காணி என்றால் பால் வெட்டியது யார்?

இரண்டாவது சாதி. ஊர்ப்பெயரைச் சொன்னால் எந்தத் தெரு என்று அடுத்த கேள்வி வரும். தோட்டத்தில் லயம்கூடச் சாதிவாரியாகப் பிரிந்திருந்ததை நாம் அறிவோம். கிணற்றிலும் கோயிலிலும் நடந்ததை மறைக்க விரும்பியவர்கள் வரலாற்றையே மூடினார்கள். அவமானப்பட்டவர்கள் அந்த ஊர்ப்பெயரே பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று விட்டார்கள். அவர்கள் விட்டதில் நியாயம் இருக்கிறது. அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியவர்களின் மௌனத்தில் எந்த நியாயமும் இல்லை. நம் வீட்டுக் கல்யாணத்தில் சாதியை விசாரிக்க மறக்காத நாம், குடும்ப வரலாற்றை மட்டும் மறந்துபோனோம் என்பதை வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும்.

ஜப்பான்காரன் காலத்தை நினைத்தால் இன்னும் கனக்கிறது. 1942க்குப்பின் மலாயா முழுதும் தோட்டத் தமிழர்களைச் சயாம் மரண ரயில் வேலைக்குப் பிடித்துப்போனார்கள். ஏராளமானவர்கள் திரும்பவில்லை. வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் இறந்தபோது அவர்கள் பெயரைப் பொறித்துக் காஞ்சனபுரியில் கல்லறைத் தோட்டம் வைத்தார்கள். இன்றும் அவர்கள் பேரப்பிள்ளைகள் பூ வைக்கிறார்கள். நம்மவர்களுக்கு ஆள்வாரியாகக் கல்லறை இல்லை. அதை அரசுகளின் குற்றம் என்போம். ஆனால் போர் முடிந்தபோது ஒவ்வொரு தோட்டத்திலும் காத்திருந்த பெண்சாதி இருந்தாள், தாய் இருந்தாள். யார் யார் போனார்கள், யார் வரவில்லை என்பது லயம் முழுவதற்கும் தெரியும். தோட்டத்துக்கு ஒரு பட்டியல் எழுதியிருந்தால் மலாக்கா மாநிலம் முழுவதற்கும் ஒரு புத்தகம் ஆகியிருக்கும். எழுதவில்லை. அந்தப் பெண்களும் போய்விட்டார்கள்.

பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றார்கள். துன் சம்பந்தன் 1960இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் காசிலேயே தோட்டம் வாங்க வழிசெய்தார். 1967இல் புக்கிட் ஆசாகான் தோட்டத்தவர் தங்கள் கோரிக்கைகளோடு கோலாலம்பூர்வரை நடந்தார்கள். மலாக்காத் தமிழ்த் தொழிலாளர் வரலாற்றில் அதைவிடப் பெரிய நடை கிடையாது. நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மிடையே இருப்பார்கள். அதைப் பாட்டியிடம் கேட்டு எழுதிய பிள்ளை எங்கே? 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாமல் வேலை அனுமதியும் கிடைக்காத சிவப்பு ஐ.சி.க்காரர்கள் பலர் ஊருக்குக் கப்பலேறினார்கள். அண்ணன் போனார், தம்பி இருந்தார். ஊருக்கும் இங்குமாக ஓடிய ரஜூலா கப்பலும் 1973இல் நின்றது. அங்கிருந்து வந்த நீலக் கடிதங்களில் அனுப்புநர் முகவரியாகக் கிராமம், அஞ்சல், தாலுகா எல்லாம் இருந்தன. வீடு மாறியபோது குப்பையோடு அவற்றையும் போட்டோம். சொந்த ஊரைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல ஆதாரம் வேறு என்ன இருந்தது?

மலாக்கா நகரத்துக்குள்ளேயே நமக்குப் பாடம் இருந்தது. 1984இல் புக்கிட் சீனா மலையில் கைவைத்து அதை மேம்படுத்தத் திட்டம் வந்தது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ள மலை. நாடு முழுதும் சீனர்கள் எழுந்தார்கள், திட்டம் நின்றது. இப்போதும் அந்த மலையில் மக்கள் காலையில் ஓடுகிறார்கள், முன்னோர் அப்படியே இருக்கிறார்கள். நம் தோட்டத்துச் சுடுகாடுகள் ஒவ்வொன்றாய்ச் செம்பனைக்குள் போனபோது ஊர்க்கூட்டமே நடக்கவில்லை. கோயிலை மட்டும் விடவில்லை. இடம் மாற்றினாலும் கட்டினோம், ராஜகோபுரம் வைத்தோம், குடமுழுக்கு செய்தோம். அதில் தவறில்லை. ஆயிரம் வெள்ளி கொடுத்தவர் பெயர் பளிங்கில் இருக்கிறது. அந்தக் கோயிலை அத்தாப்புக் கொட்டகையில் ஒரு கல்லை நட்டுத் தொடங்கியவர் யார் என்று அதே சுவரில் ஒரு வரி இல்லை.

எண்பதைத் தாண்டியவர்கள் இன்னும் நம் தாமான்களில் இருக்கிறார்கள். மகன் வீட்டு முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தீம்பார் பெயர் தெரியும், கங்காணி பெயர் தெரியும், கள்ளுக்கடை எந்தப் பக்கம் என்று தெரியும். 1948இல் அடையாளக் கார்டு வந்தபோது பெற்றோர் வாங்கிய பழைய கார்டு சிலருடைய தகரப் பெட்டியில் இருக்கலாம். சில தமிழ்ப்பள்ளிகளில் பழைய சேர்க்கைப் பதிவேடு இருக்கலாம். தலைமையாசிரியர் மாறும்போது அது காணாமல் போகுமுன் படம் எடுக்கவேண்டும். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தொழிலாளர் இலாகா, குடியேற்றக் கோப்புகள் உண்டு. அங்கே போய் உட்கார நம் பட்டதாரிகளுக்குப் படிப்பு இருக்கிறது, சங்கங்களுக்குப் பணம் இருக்கிறது.

மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறோம். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங் என்று எல்லாத் தோட்டத்துப் பிள்ளைகளும் அங்கே கூடுகிறார்கள். தண்ணீர்ப் பந்தல் போடும் சங்கங்கள் பக்கத்தில் ஒரு மேசையும் போடட்டும். தமிழ் எழுதத் தெரிந்த மாணவர்கள் நான்கு பேர் உட்காரட்டும். வருகிற பெரியவரிடம் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், சொந்த ஊர், தோட்டம், தீம்பார் கேட்டு எழுதட்டும். சாதி கேட்கக்கூடாது. நோட்டில் முதல் வரி பாட்டியின் பெயருக்கு.